உறை கிழிந்த மெத்தைகள்

மலேசியாவில், கிள்ளானில் உஷாராணியின் வீட்டுக்குப் போனால் சோபாவில் உட்காராதீர்கள், ஒட்டிக்கொள்வீர்கள். எத்தனையோ தீபாவளிக்கு முன் வாங்கியது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவள் இன்னும் கழற்றவில்லை. கணவர் திருச்செல்வம் எழுந்திருக்கும்போது வரும் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். பாவம், அவர் எழுந்திருப்பதையே குறைத்துக்கொண்டார்.

இந்தக் குணத்தை நம்பித்தான் மேலாளர் லோகன் அவளிடம் அந்த மெத்தைகளை ஒப்படைத்தான்.

உஷாராணி ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தொழிலாளர் விடுதிக்குப் பொறுப்பாளர். அங்கே நேபாளத் தொழிலாளர்கள் படுத்திருந்தது அப்பளமாய்த் தட்டையாகிப்போன பஞ்சில். புது மெத்தை கேட்டுக் கேட்டு அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். கையுறை வாங்கும் ஐரோப்பிய நிறுவனம், தொழிலாளர்களை நியாயமாக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பப் போகிறது என்றதும், அந்த ஆள் வரும் நாள் காலையிலேயே லோரி நிறைய மெத்தை வந்து இறங்கியது. உஷாராணிக்குக் கண் கலங்கியது. அதைத் துடைப்பதற்குள் லோகன் உண்மையைச் சொல்லிவிட்டான். எல்லாம் கடையிலிருந்து இரவல். சாயங்காலம் திரும்பிப் போய்விடும். மேலே விரிப்பைப் போட்டு மூடலாம், உறை மட்டும் கிழியக்கூடாது.

இரவு வேலை முடிந்து வந்த தில்பகதூர் ஒரு மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தான். இனி இது எங்களுக்கா என்று மலாயில் கேட்டான்.

உஷாராணி மெத்தையின் உறையைத் தடவிப் பார்த்தாள். வேலை போய்விடுமே என்றும் நினைத்தாள். கடைசியில், எல்லா உறையையும் கிழிக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே சரக் சரக்கென்று சத்தம் வர வர, முந்தானையால் கண்ணை ஒற்றினாள். பாசத்துக்குப் பாதி, பிளாஸ்டிக்குக்குப் பாதி.

வந்த அதிகாரி அம்மாள், மெத்தைகள் எப்போது வந்தன என்று கேட்டாள். இன்று காலைதான், இனி இங்கேதான் இருக்கும் என்று உஷாராணி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டாள். லோகன் சிரித்தபடியே நின்றான். சிரிப்பு மட்டும் உறைந்துபோயிருந்தது.

அதிகாரி அடுத்த அறைக்கு நகர்ந்ததும் உஷாராணியை ஓரமாக இழுத்தான். ஜன்னலோரத்தில் தில்பகதூர் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் கத்தவும் முடியவில்லை.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? கடைக்காரன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"வாங்கிட்டோம்னு சொல்லுங்க லா, பாஸ்."