ஏழு மாதா படங்கள்

அப்பாவுக்கும் மாதாவுக்கும் இரண்டு வருடமாகக் கோபம். என் தம்பி காய்ச்சலில் போன நாளிலிருந்து அப்பா மாதா கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஜப்பான்காரன் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில் அவர் கடற்படைத் தொண்டராக ஒரு சிறு படகில் நின்றவர். கூட நின்றவர்கள் கடலோடு போய்விட, அவர் மட்டும் கரை சேர்ந்தார். மாதா காப்பாற்றினா என்று வருடக்கணக்காகச் சொல்லித் திரிந்த மனிதர், பத்தொன்பது வயது மகனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பறிகொடுத்த பிறகு அந்தக் கதையை ஒருதரம்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் பூசைக்குப் புறப்படும் நேரம் பார்த்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். அந்தச் சைக்கிளுக்கு அவ்வளவு எண்ணெய் தேவையே இல்லை.

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு பூசையிலும் ஒரு தடவை ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பா. மூன்றாவது வாங்கில், தூணோரம், அப்பா முன்பு முழங்காலில் நின்ற இடம். அந்த இடத்தில் அவரைத் திரும்பவும் காண வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

நவம்பர், மரித்தவர்களுக்காக மன்றாடும் மாதம். அந்த வருடம் புதிதாக வந்த சுவாமியார், யுத்தத்தில் நின்ற எங்கள் கோயில் பங்கு ஆட்கள் ஏழு பேரையும் கௌரவிக்க வேண்டும் என்று தொடங்கினார். நிலாவெளி றோட்டில் இருக்கும் வெள்ளைக்காரரின் யுத்த சேமக்காலைக்கு, அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு, அவர்களைக் கூட்டிப்போய்ச் செபம் சொல்லி, ஆளுக்கொரு வாழ்த்து மட்டை கொடுத்து, பிறகு கோயிலுக்குக் கூட்டிவந்து பூசை வைப்பது திட்டம். மட்டை கையால் செய்ததாக இருக்க வேண்டும், அதில் மாதா படம் இருக்க வேண்டும். ஞானோபதேசம் படிப்பிக்கிறவள், கையெழுத்தும் நல்லது என்று வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான், இல்லை என்றால் பொய்.

சுவாமியார் வீட்டுக்கே வந்து கதிரையில் இருந்து அப்பாவைக் கேட்டார்.

"கோயிலுக்குள்ள வரமாட்டன், சுவாமி. சேமக்காலைக்கு எண்டா வாறன். அதில கிடக்கிறவங்கள் எனக்குத் தெரிஞ்ச பெடியள்."

குசினிக்குள் நின்று கேட்ட அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சேமக்காலை வரை வருகிற மனுசன், மெடலும் குத்திக்கொண்டு, மற்ற ஆறு பேரும் கோயில் வாசலில் இறங்கும்போது தான் மட்டும் இறங்காமல் இருப்பாரா என்று என்னிடம் கேட்டா. இருக்கமாட்டார் என்றுதான் நானும் சொன்னேன்.

கடையில் ஒன்றும் கிடைக்காத காலம் அது. வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றுபோய் நல்ல கடதாசிகூட அபூர்வம். அப்பாவின் பழைய சேட்டுகள் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, பள்ளிக்கூட வரைதல் கொப்பியின் வெள்ளைத் தாளால் போர்த்து மட்டைகளைச் செய்துவிட்டேன். மாதா படத்துக்குத்தான் வழியில்லை. ஊரெல்லாம் கேட்டும் கிடைக்காமல், கடைசியில் எங்கள் அலுமாரியைத் திறந்தேன். உள்ளே கட்டாக இருந்தன, தம்பியின் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய படங்கள். முன்பக்கம் நீலப் போர்வையோடு வண்ண மாதா. பின்பக்கம் தம்பியின் சின்னப் படம், பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, அவன் ஆத்துமத்துக்காக ஒரு செபம்.

அம்மாவிடம் காட்டினேன். அவ ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மாதா பக்கம் மேலே வரும்படி வைத்தா.

"ஒட்டின பிறகு ஆருக்குத் தெரியப்போகுது? அவனும் அப்பாவோட போகட்டும் பிள்ளை."

எனக்கு மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லியிருந்தாலும் வேறு படத்துக்கு எங்கே போவது?

பசைக்கு ஒரு கரண்டி மாவுதான் கிடைத்தது. கூப்பனுக்குக் கிடைக்கிற மாவைப் பசையாக்கிக் கரியாக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஏழு படத்துக்கும் காண வேண்டுமே என்று தண்ணீர் விட்டேன். கஞ்சி மாதிரி வந்தது. ஒவ்வொரு தடவையும் தம்பியின் முகத்தில்தான் பூச வேண்டியிருந்தது. பார்க்காமல் பூசினேன். ஒட்டி, மேலே அம்மிக்கல்லைப் பாரம் வைத்தேன். காலையில் பார்த்தால் என்ன அழகு! உள்ளே நானே கட்டிய வரியை மையால் எழுதினேன்: கடலில் காத்த தாயே, கரையிலும் காத்தருளும். அப்பாவின் கோபத்தை ஒரு வரியில் தீர்த்துவிடலாம் என்று நினைத்த என் கெட்டித்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிறு காலை வாடகை வான் வந்தது. அம்மா கோயிலில் காத்திருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டா. சேமக்காலையில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். சுவாமியார் மூத்தவரான அப்பாவுக்கு முதலில் மட்டையைக் கொடுத்தார். அப்பா திறந்து என் வரியை வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூடி, மாதாவை வெளியே வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே பிடித்தார்கள். நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

செபம் பாதியில் மழை வந்தது. கார்த்திகை மழை கேட்டா வரும்? வான் றோட்டில் நின்றது, ஆனால் ஒருவரும் அசையவில்லை. செபம் முடியாமல் அந்த மனிதர்கள் நகரமாட்டார்கள். கப்பற்காரன் குடை பிடிக்கமாட்டான் என்பது அப்பாவின் பழைய பேச்சு. மட்டைகள் ஊறத் தொடங்கின.

கடைசியில் நின்றவரின் படம்தான் முதலில் வழுக்கியது. புல்லில் விழுந்து பின்பக்கம் மேலே கிடந்தது. பிறகு அடுத்தவருடையது, அதற்கடுத்தது. என் மை எழுத்தெல்லாம் கரைந்து அவர்களின் வெள்ளைச் சேட்டில் வழிந்தது. அச்சு மட்டும் கரையவில்லை. பசை கழுவுண்டு, தம்பி ஒவ்வொரு கிழவரின் காலடியிலும் தெளிவாகக் கிடந்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை வேதக்காரருக்கும் வரும்.

அப்பா தன் காலடியில் பார்த்தார். பிறகு வரிசை நெடுகப் பார்த்தார். சுவாமியார் புத்தகத்தில் கண் வைத்து வாசித்துக்கொண்டே இருந்தார். அப்பா குனிந்து தன்னுடையதை எடுத்துச் சேட்டில் துடைத்து, மெடலுக்குப் பின்னால் இருந்த பைக்குள் வைத்தார். அடுத்தவரின் காலடிக்குப் போய்க் குனிந்தார். இப்படி ஒவ்வொருவராக. அவர்கள் குனிந்து எடுத்துக் கொடுக்கவும் பயந்து, நேராகவே நின்றார்கள். நானும் நின்ற இடத்திலேயே நின்றேன்.

ஆறுதான் கிடைத்தது. ஒன்றைக் காற்றோ வெள்ளமோ கல்வரிசைகளுக்குள் கொண்டுபோய்விட்டது. செபம் முடிந்து மற்றவர்கள் வானுக்குள் ஏறிய பிறகும் அப்பா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தேடினார். நானும் தேடினேன். கடைசியில், அவரை எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்ற அவதியில், சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"அப்பா, வீட்டில இன்னும் கனக்க இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"வீட்டில இருக்கிறது நனையேல்லைப் பிள்ளை. இவன் நனைஞ்சுகொண்டெல்லோ கிடக்கிறான்."

கோயில் வாசலில் அம்மா படியில் நின்றா. ஆறு பேரும் இறங்கி உள்ளே போனார்கள். அப்பாவும் இறங்கினார். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். அவர் அவவைக் கடந்து, பையைக் கையால் பொத்திக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தார். என்ன நடந்தது என்று அம்மா கேட்டபோது நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவ கேட்டுவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டா. பூசை மணி அடித்தும் எழும்பவில்லை.

அடுத்த ஞாயிறும் மழை. நாங்கள் புறப்படும்போது அப்பா சைக்கிளைத் தொடவில்லை. உடுத்து வெளிக்கிட்டு நின்றார். அம்மா ஆசையோடு என்னைப் பார்த்தா. நிலாவெளி பஸ் எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டார். ஒன்பதுக்கு என்று சொன்னேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் போகாமல் நின்றிருக்கமாட்டார்.

அம்மா தன் கையிலிருந்த கறுப்புக் குடையை அவரிடம் நீட்டினா. அவர் அதை வாங்கி, விரித்துப் பார்த்து மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார். குடை அவருக்கு அல்ல, நனைந்து கிடக்கிறவனுக்கு என்று அம்மாவுக்கும் எனக்கும் விளங்கியது.

நாங்கள் நனைந்துகொண்டு பூசைக்குப் போனோம். அன்று அம்மா ஆண்கள் பக்கம் திரும்பவே இல்லை.