மாதுளைக்குப் பட்ட நாவூறு

கிங்ஸ்பரியில் எங்கள் பின்வளவில் நின்ற மாதுளை அந்தப் பனிக்காலத்தில் கருகிப்போனது. எதிர்வீட்டு வெள்ளைக்காரரின் ஒலிவ் மரமும்தான் போனது. அவர் குளிரைத் திட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. பழிபோட ஓர் ஆள் வேண்டும்.

ஆளைப் பிடித்துத் தந்தவர் என் அக்காவின் கணவர். பத்து வருடம் ஜெர்மனியில் இருந்ததால் குளிரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பு. நகரத்தின் மற்றப் பக்கம் இருக்கும் நோர்பரியிலிருந்து வந்திறங்கி, ஒரு சுள்ளியை முறித்துப் பார்த்தார்.

"செத்திட்டுது. ஆர் கடைசியா வந்து பார்த்தது?"

மூன்று வீடு தள்ளி இருப்பவள் என்றேன். புருசனும் பிள்ளையும் இல்லாமல் தனியே இருக்கும் பெண். கோடையில் என்னோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "என்ன வடிவாப் பூத்திருக்கு அக்கா!" என்று சொன்னவள்.

"பிறகென்ன, நாவூறுதான்" என்றார் அத்தான். வீடுகளுக்குக் கரண்ட் வேலை செய்கிற மனிதர், பட்ட கொப்பில் தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துக் கட்டினார். அதோடு விட்டாரா? அவள் வாயால் புகழ்ந்தது எதுவும் உருப்படாது என்று கோயிலிலும் நாலு பேருக்குச் சொல்லிவைத்தார். நான் அவரைவிடப் பெரிய மடைச்சி, நம்பினேன். அவள் இரண்டு தரம் வந்து மணியடித்தாள். இரண்டு தரமும் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அவள் வரவில்லை.

ஜூன் மாதம் அடிமரத்தில் சிவப்பாகத் துளிர் வந்தது. வேர் சாகவே இல்லை. இந்த நாட்டில் மாதுளை பிந்தித்தான் துளிர்க்கும் என்று எந்தச் செடிக்கடையில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வெட்கப்படட்டும் என்று அத்தானுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பார்த்தியே? நான் கட்டின தேசிக்காய் வேலை செய்திட்டுது."

இந்த மனிதரிடம் வெட்கத்தை எதிர்பார்த்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். மரம் தளிர்த்துவிட்டது, பிழை என்னுடையது, தேத்தண்ணிக்கு வா என்றேன். அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவைப் பாதி திறந்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"சந்தோசம் அக்கா. நான் இப்ப ஒருத்தற்ற வீட்டுக்கும் போறேல்லை. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடுகள் எல்லோ."