கரண்ட் கோளாறு என்று சொன்ன ஏகாம்பரம்

ஏகாம்பரம் போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. மாரடைப்பாம். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடிப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. தொண்ணூறுகளில் ஆஸ்டின் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். அவரை நினைத்து முழுசாக அழ முடியாது.

ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் எனக்கு அவர் சார், அவருக்கு நான் மேடம். எந்த மெஷினையும் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பார்: "கடைசியா என்ன பண்ணீங்க?" ஒன்றும் பண்ணவில்லை என்று எல்லோரும் சாதிப்போம். "ஒண்ணும் பண்ணலன்னா நான் ஏன் வரேன்?" என்று சிரிப்பார்.

அவர் இருந்தவரை என் கதையை யாரிடமும் சொன்னதில்லை. அப்போது ஆஸ்டின் டவுனில் ஒரு டிடிபி சென்டரில் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியால் வைரஸ் புகுந்துவிட, இனி பாஸ்வேர்டு இல்லாமல் மெஷின் ஆன் ஆகவே கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார். ஏகாம்பரம் போனில் சொல்லச் சொல்ல, விண்டோஸுக்கும் முன்னால் வரும் அந்த நீலநிற செட்டப்புக்குள் போய் நானே பாஸ்வேர்டு வைத்தேன். எனக்கு அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. வேறு யார் பெயர் வரும்?

மறுநாள் காலை அந்தப் பெயரை அடித்தேன். தப்பு என்றது. ஸ்பெல்லிங்கை மாற்றி அடித்தேன். அதுவும் தப்பு. மூன்றாவது முறை மெஷின் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு சர்ச்சின் பொன்விழா மலர், தொண்ணூறு பக்கம், மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டியது. ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைப்பது என் பொறுப்பு, எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேலை போகப்போகிறது என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஏகாம்பரம் வந்தார். "பாட்டரியக் கழட்டினா பாஸ்வேர்டு போயிடுமாமே, கழட்டுப்பா" என்றார் முதலாளி.

"போயிடும் சார். ஹார்டு டிஸ்க் செட்டிங்கும் சேர்ந்து போயிடும். பழைய போர்டு, தானா கண்டுபிடிக்காது. அந்த டிஸ்க் நம்பர யாரும் எழுதியும் வைக்கல. தப்பாப் போட்டா மலரே கைக்கு வராது. ஸ்வல்ப இருங்க."

முதலாளி என்னிடம் திரும்பி, "பாஸ்வேர்டு என்னம்மா?" என்றார். கட்டிக்கொள்ளப் போகிறவர் பெயரை அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்தார்.

"சார், கரண்ட் கோளாறு மாதிரி தெரியுது. எல்லாரும் போய் வெளிய ஃப்யூஸப் பாருங்க" என்று கடையையே காலி செய்துவிட்டார். பிறகு என்னிடம், "பேரு எனக்கு வேணாம் மேடம். நேத்து அடிச்சப்போ கை எப்படிப் போச்சு?"

"எப்படின்னா?"

"தமிழ் டைப்பிங் கையா, இங்கிலீஷ் கையா? ஸ்கிரீன்ல வெறும் ஸ்டார்தான வருது. எது விழுந்துச்சுன்னு உங்களுக்கே தெரியாது."

அப்போதுதான் புரிந்தது. நாள் முழுக்கத் தமிழ் அடிக்கும் கை, அந்தப் பெயரையும் தமிழ் விசைகளின் இடத்திலேயே அடித்திருக்கிறது. காலையில் நானோ யோசித்து யோசித்து இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் மெஷினை அணைத்துப் போட்டுவிட்டு, சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தமிழில் அடிப்பதுபோலவே அடித்தேன். விண்டோஸ் வந்தது.

"கரண்ட் கோளாறுதான் சார், சரியாயிடுச்சு" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, டிஸ்க் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேல் ஒட்டினார். மலர் மத்தியானமே அச்சுக்குப் போனது.

புதன்கிழமை நானும் என் கணவரும் காக்ஸ் டவுனில் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனோம். "எங்க ஆபீசுல ஒரு தடவ கரண்ட் கோளாறு வந்து..." என்று ஒருவர் ஆரம்பித்தார். ஹெப்பகோடியிலிருந்து வந்திருந்த ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்தார். "எங்க மேனேஜர்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. செட்டப்ப மாத்தினது நான்தான்." இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஏகாம்பரத்தின் மனைவிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்த ஊர்லயே கரண்ட் சரியில்லன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

இப்போது எனக்குச் சொந்தக் கடை; நான்கு பேர் டைப் அடிக்கிறார்கள். யாராவது எதையாவது மாற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்தால், காலண்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் "கடைசியா என்ன பண்ணீங்க?" என்று கேட்கிறேன். ஏகாம்பரத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

அந்தப் புதன்கிழமை ஏகாம்பரத்தின் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர், "உன் மெஷினுக்கு என்ன கோளாறு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்வேர்டையும் சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் பெயரை என் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.