அன்றிரவு விடிவெள்ளி எங்கே போயிருந்தான்

எலாடியோ கின்யோனெஸ் இறந்துபோன வாரம் காமிக்ஸ் பத்திரிகைகள் எல்லாம் சொல்லி வைத்தாற்போல் ஒரே தலைப்பைப் போட்டன. 'தகப்பனுக்கு மகளைத் திருப்பித் தந்த ஓவியர்.' படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவனிடம் மிச்சம் இருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு, அதற்கு மாலை வேறு போடுகிறார்கள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தவள் நான். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

எங்கள் ஸ்டுடியோ அமெரிக்காவில் குயின்ஸ் என்ற நகர்ப்பகுதியில், ரயில் பாலத்தை ஒட்டி, ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதாநாயகனின் மூக்கு கோணிக்கொள்ளும். லாலோ (எலாடியோவை நாங்கள் எல்லோரும் லாலோ என்றுதான் கூப்பிடுவோம்) அட்டையில் பென்சிலால் படம் வரைவான். அந்த அட்டை என் மேஜைக்கு வரும். நான் பேச்சு பலூன்களைப் போட்டு உள்ளே எழுத்துகளை எழுதுவேன். அதற்குப் பிறகுதான் மை போடுகிறவரிடம் போகும். ஆகவே அவன் கதையை அவனுக்கு அடுத்தபடியாக முதலில் படிக்கிறவள் எப்போதும் நான்தான்.

தெற்கே ஒரு தீவிலிருந்து வந்தவன், ஆள் குள்ளம். வெயில் காலத்திலும் டை கட்டிக்கொண்டு வருவான். டப்பாவில் துவரைச் சோறு கொண்டுவருவான், ரேடியோவில் பேஸ்பால் ஓடும், என் இத்தாலியக் காபியைக் குறை சொல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது.

"கோனி, இது காபியா, இல்ல ரோட்டுக்குப் போடற தாரா?"

"வேண்டாம்னா வச்சிடு. உங்க தீவுல காபின்னு சொல்லிப் பாலைத்தானே குடிப்பீங்க."

"பால் குடிச்ச உடம்புடி இது. பாரு, எப்படி இருக்கேன்."

"பாத்தேன். இன்னும் வளரவே இல்ல."

இப்படிப் பேசிக்கொண்டிருந்தவனுடைய வீடு எரிந்தது. அந்த வருஷங்களில் அவன் குடியிருந்த பிராங்ஸ் பகுதியில் வீடுகள் எரிந்துகொண்டே இருந்தன. சொந்தக்காரனே ஆள் வைத்துக் கொளுத்திவிட்டு இன்சூரன்ஸ் வாங்குவான். அது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. லாலோவின் மனைவி நில்சாவும் மகள் இவெலிஸும் மூன்றாம் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவெலிஸுக்கு நாலு வயது. லாலோ எவனோ ஒருவனுடைய தாமதமான பக்கங்களை முடித்துக்கொடுக்க ஸ்டுடியோவில் தங்கியிருந்தான். தீயணைப்பு வண்டி வேறொரு தெருவில் வேறொரு தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை. கொளுத்தியவன் பெயர் தெருவுக்கே தெரியும், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து லாலோவின் பென்சிலில் பிறந்த நாயகன்தான் கரிமுகன். மனைவியையும் மகளையும் தீயில் பறிகொடுத்த ஒரு தீயணைப்பு வீரன். எத்தனை கழுவினாலும் போகாத கரி முகத்தில். வீடு கொளுத்துகிறவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கொளுத்திய வீட்டுக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்துவான். போலீசிடம் ஒப்படைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. பிள்ளைகள் படிக்கிற புத்தகமா இது என்று பெற்றோர்கள் எழுதினார்கள். பிராங்ஸ் பெட்டிக்கடைகளில் மட்டும் அது வந்த அன்றே தீர்ந்துவிடும்.

அந்தக் கதையில் மகளின் முகம் ஒருநாளும் வந்ததில்லை. பின்னந்தலை வரும், ஜன்னலில் ஒரு கை வரும், அவ்வளவுதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வரைஞ்சா, அப்புறம் வரைஞ்சதுதான் நிக்கும்" என்றான். "எங்கம்மா செத்தப்ப அம்மாவை வரைஞ்சேன். நல்லாத்தான் வந்துச்சு. இப்ப அம்மான்னு நெனச்சா அந்தப் படம்தான் வருது, அம்மா வரமாட்டேங்கறா."

"போட்டோ ஒண்ணுகூட இல்லையா லாலோ?"

"எங்க தீவுல, பொன்ஸேயில, நில்சாவோட அக்காகிட்ட ஒண்ணு இருக்கு. அதுல பாப்பா ஆறு மாசம். மொட்டைத்தலை. எந்தக் குழந்தைன்னு வேணாலும் சொல்லலாம்." நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "மத்ததெல்லாம் இங்கதான் இருக்கு. அது போதும்."

அது போதும் என்றுதான் அவன் இருந்தான். வருஷா வருஷம் அவள் பிறந்தநாளில் மாதா கோயிலுக்குப் போய், அவள் பெயரில் பூசை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். 'பாத்துட்டு வந்தேன்' என்று திரும்பி வருவான். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

அப்புறம் ஜோடிப் புத்தகங்களின் காலம் வந்தது. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு நாயகனைக் கடன் கொடுத்து ஒரே கதையில் சேர்த்துவிடுவார்கள். ஒருவன் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை, இன்னொருவன் இருட்டில் திரிகிறவன். கூட்டம் அள்ளும். கரிமுகனின் விற்பனை அப்போது தரைமட்டத்தில் இருந்தது. எங்கள் எடிட்டர் டக் ஹென்ஷா, வயிற்றெரிச்சல் மாத்திரையை மென்றுகொண்டே, "விடிவெள்ளியோட ஜோடி சேக்கறாங்க. இதுவும் ஓடலேன்னா கரிமுகனை மூடிடுவாங்க, லாலோ" என்றான்.

விடிவெள்ளியைத் தெரியாத குழந்தை அமெரிக்காவில் கிடையாது. வெள்ளைச் சட்டை, நீலக் கண், பறப்பான். கடல் தாண்டி ஒரு குழந்தை அழுதாலும் அவன் காதில் விழும், போய்த் தூக்கிவிடுவான். பள்ளிப் பையிலும் சாப்பாட்டு டப்பாவிலும் அவன்தான் சிரித்துக்கொண்டிருப்பான்.

இந்த ஜோடிப் புத்தகங்களுக்கு ஒரு நியாயம் உண்டு. எழுதி வைத்திருக்கமாட்டார்கள், ஆனால் எவனும் மீறமாட்டான். அவனுக்கு எத்தனை கட்டமோ இவனுக்கும் அத்தனை. அவன் ஓர் அறை விட்டால் இவனும் ஓர் அறை விட்டாக வேண்டும். முதலில் சண்டை, பிறகு சமாதானம், கடைசியில் கைகுலுக்கல். யாரும் தோற்கக் கூடாது. எங்கள் குடும்பத்துக் கல்யாணப் பேச்சுகளில்கூட இவ்வளவு பேரம் நான் கண்டதில்லை.

லாலோ நியாயப்படியே வரைந்தான். அறைக்கு அறை சரியாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பக்கம் வந்தது. எரிந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் இருவரும் நிற்கிறார்கள். கரிமுகன் கேட்கிறான். அந்த பலூனை நான்தான் எழுதினேன்: 'உனக்கு எல்லாம் கேட்கும் என்கிறார்களே. என் மகள் கத்திய ராத்திரி நீ எங்கே இருந்தாய்?' அடுத்த கட்டத்தில் விடிவெள்ளி தலை குனிகிறான்.

எழுதி முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அதுவரை கரிமுகனின் ஊரில் பறக்கிறவன் எவனும் இல்லை. வர ஆள் இல்லை, அதனால் யாரும் வரவில்லை. இருவரையும் ஒரே ஊரில் வைத்ததும் கதை வேறாகிவிட்டது. வந்திருக்கக்கூடியவன் ஒருவன் இருந்தான், அவன் வரவில்லை என்று ஆகிவிட்டது. இவ்வளவு காலம் தெருவைப் பார்த்து, நகராட்சியைப் பார்த்து, கடவுளைப் பார்த்து லாலோ கேட்க நினைத்தது அந்த ஒரு பலூனில் இருந்தது.

இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரு மேஜையில் கூடினார்கள். எழுத்துத் திருத்தம் இருக்கும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். விடிவெள்ளியின் கம்பெனியிலிருந்து மிஸ் ப்ரெண்டர்காஸ்ட் என்று ஒரு பெண் வந்திருந்தாள். மரியாதையான பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவளும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள்தான்.

"பக்கம் ரொம்ப அழகா வந்திருக்கு, மிஸ்டர் கின்யோனெஸ். ஆனா விடிவெள்ளி தவறவிடமாட்டார்."

"தவறவிட்டான்ல."

"அதை அச்சுல போட முடியாது. அவர் தோத்த மாதிரி ஆயிடும்."

டக் நடுவில் புகுந்தான். "அன்னிக்கு அவர் வேற கிரகத்துல இருந்தார்னு வச்சுக்குவோமே, லாலோ. அங்க ஏதோ பெரிய ஆபத்து."

லாலோ சிரித்தான். "வச்சுக்கலாம். பிராங்ஸ் எரிஞ்சப்ப எல்லாருக்கும் வேற எங்கயோ பெரிய வேலை இருந்துச்சு."

டக் இன்னொரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான். பிறகு மிஸ் ப்ரெண்டர்காஸ்டின் முகம் மலர்ந்தது. "அவர் வந்தாருன்னு வச்சா? அந்தக் குழந்தையை அவர் காப்பாத்திட்டார். அதிர்ச்சியில அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு. வேற எங்கயோ வளந்துட்டா. கடைசிப் பக்கத்துல அப்பாவும் பொண்ணும் சேர்றாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

யாரும் தோற்கக் கூடாது என்பதுதானே நியாயம். அவர்கள் ஆள் தோற்காமல் இருக்க வேண்டுமானால் அந்தக் குழந்தை சாகாமல் இருந்தாக வேண்டும். கணக்கு சரியாக வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். இவருக்கு நிஜமாகவே ஒரு மகள் இருந்தாள், எரிந்துபோனாள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். லாலோ மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "விட்டுத் தொலை. வரையமாட்டேன்னு சொல்லிட்டு வா."

"சொன்னா? கரிமுகன் கம்பெனி சொத்து. வேற எவனையாவது உக்கார வைப்பாங்க. அவன் என் பொண்ணுக்கு ஒரு மூஞ்சி போடுவான்." மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "நானே வரைஞ்சா மூஞ்சி தெரியாம பாத்துக்கலாம், கோனி."

பார்த்துக்கொள்ளத்தான் பார்த்தான். வளர்ந்த பெண்ணின் முகத்தில் முடி விழுந்தது, நிழல் விழுந்தது, தகப்பனின் தோள் மறைத்தது. கடைசிப் பக்கத்தில் மறைக்க வழியில்லை. அந்தக் கட்டம் என் மேஜைக்கு வந்தபோது கழுத்தும் காதும் கூந்தலும் இருந்தன, நடுவில் முட்டை வடிவத்தில் வெறும் அட்டை. அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. டக் அட்டையை அவர்கள் கம்பெனிக்கு அனுப்பினான். அவர்களுடைய ஆஸ்தான ஓவியர் ஒருவர் ஒரு துண்டுத் தாளில் முகத்தை வரைந்து அதன்மேல் ஒட்டி அனுப்பினார். பெரிய கண், சின்ன மூக்கு, கீழுதட்டுக்குக் கீழே ஒரு மச்சம். கெட்டிக்காரக் கை. பார்த்தால் யாருக்கும் பிடிக்கிற முகம். அதற்குப் பக்கத்து பலூனில் 'அப்பா' என்று எழுதுகிற வேலை என்னுடையது. எழுதினேன்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. தாடி வைத்த ஆண்கள் கடையில் நின்று அழுதார்களாம். கரிமுகனை மூடுவதாவது, இனிமேல் மாதாமாதம் அப்பாவும் மகளும் சேர்ந்து தீயவர்களைப் பிடித்துப் போலீசில் கொடுப்பார்கள் என்று கம்பெனி அறிவித்தது. கடைசியில் கரிமுகனின் முகத்தையும் கழுவிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் முகம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரித் தாள் வந்தது. லாலோ அதைத் தன் மேஜைக்கு எதிரே குத்தி வைத்தான்.

ஏன் தொடர்ந்தான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"எனக்கு வேற என்ன தெரியும்?" என்றான் முதலில். கொஞ்சம் கழித்து, "கதையிலயாவது ஒருத்தி வளரட்டுமே" என்றான். அப்படிச் சொன்னபோது அவன் குரலில் லேசாக ஓர் ஆசை இருந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது.

மாதாமாதம் வரைந்தான். காமிக்ஸ் விழாக்களுக்குக் கூட்டிப்போனார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெண்தான் வேண்டும், கரிமுகனைக் கேட்க ஆளில்லை. 'மச்சம் விட்டுப் போச்சு சார்' என்பார்கள். மச்சம் வைத்துக் கொடுப்பான்.

இவெலிஸின் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல் கோயிலுக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். கோட்டைக் கழற்றாமல் என் மேஜை முன்னால் நின்றான்.

"என்ன லாலோ, பூசை முடிஞ்சிருச்சா?"

"பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். கண்ணை மூடினா இவ வந்து நிக்கறா." மாதிரித் தாளைக் காட்டினான். "திரும்பத் திரும்ப மூடிப் பாத்தேன், கோனி. இவதான். சரி, நாலு வயசுன்னு நெனச்சுப் பாத்தேன். இவளே சின்னதாகி வர்றா."

"களைப்பா இருக்கும். உக்காரு, காபி போடறேன்."

"காபி வேண்டாம். நீ அவளைப் பாத்திருக்கே. சனிக்கிழமை சனிக்கிழமை உன் மேஜைக்கடியிலதானே கெடப்பா. நீ சொல்லு. மூக்கு எப்படி இருக்கும்? சிரிச்சா எப்படி இருப்பா? எனக்கு ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததைக் கண்டுபிடிச்சிருவேன்."

உலகத்தில் அந்த முகத்தை அறிந்தவர்களில் அவனை விட்டால் நான் ஒருத்திதான் மிச்சம். எனக்கு எல்லாம் நினைவிருந்தது. என் அழிரப்பர்களைத் திருடி ஷூவுக்குள் ஒளித்துவைப்பாள். கை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். என்னைக் கோனி என்று சொல்ல வராமல் ஏதோ சொல்லுவாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிறாற்போல் நினைத்துக்கொண்டேன். அவளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"மூக்கு சின்னது, லாலோ" என்றேன். "கண்ணு பெரிசு. கீழுதட்டுக்குக் கீழ ஒரு சின்ன…"

நிறுத்தினேன். அதற்குள் அவன் காதில் விழுந்துவிட்டது.

"அவளுக்கு மச்சமே கெடையாது, கோனி" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். கோட்டைக் கழற்றி மாட்டினான், டையைச் சரிசெய்துகொண்டான், மேஜைக்குப் போய் அந்த மாதத்துப் பக்கத்தை எடுத்தான். மொட்டை மாடியில் அப்பாவும் மகளும் நிற்கிற கட்டம். ரயில் போகும்வரை பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். பிறகு மாதிரித் தாளை நிமிர்ந்தே பார்க்காமல் அவள் முகத்தை வரைந்தான். ஒரு கோடும் பிசகவில்லை.