இருக்கிறது இருக்கிறபடியே

என் வீட்டுக்காரர் தருமபுரி கோர்ட்டில் சிவில் வக்கீலாக இருந்தவர். வாதம் செய்து ஜட்ஜை மயக்குகிறவர் என்ற பெயர் அவருக்குக் கிடையாது. வாய்தா வாங்குவதில்தான் பெயர் எடுத்தார். கட்சிக்காரர்கள் கோபமும் கூச்சலுமாக வருவார்கள். இவர் ஒரு வாய்தா, இன்னொரு வாய்தா என்று தள்ளிக்கொண்டே போவார். வழக்குப் போட்ட அண்ணனும் தம்பியும் கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, "நாங்களே பேசித் தீத்துக்கறோமுங்க" என்பார்கள். பேச்செல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நடக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஸ்டே என்றால் என்ன, தாவா என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்பதுகளில், வெகுகாலம் நடக்காமல் கிடந்த நகராட்சித் தேர்தல் வந்தது. இவரை நிற்கச் சொல்லி வீட்டுக்கு வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர்கள். தையல் கடை, டீக்கடை, பூட்டு ரிப்பேர் கடை, செருப்புக் கடை என்று வரிசையாக இருக்கும். எல்லாமே பெரிய சாக்கடையின் மேல் கல் பாவி அதன் மேல் போட்டவை. சில வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைகளை எடுக்க நகராட்சி ஆள் அனுப்பியபோது, ஸ்டே வாங்கிக் காப்பாற்றியவர் இவர்தான். அந்த நன்றியில் அவர்கள் வீதி வீதியாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். தையல் கடை பாய் தன் மிஷினை மூடிப் போட்டுவிட்டு, தேர்தல் முடிகிறவரை எங்கள் வாசலிலேயே கிடந்தார்.

இவர் ஜெயித்தார். மறுநாளிலிருந்து ஊர் முழுக்க 'சேர்மன்' என்றது. கடைக்காரர்கள் மட்டும் 'வக்கீலய்யா' என்றே கூப்பிட்டார்கள். எனக்கு இரண்டுமே காதில் தேனாகத்தான் விழுந்தது.

கோடையில் ஒரு மழை பெய்தது. அந்தக் கடைகளுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு தெரு இருந்தது. சாக்கடைத் தண்ணீர் கடைகளுக்கு அடியில் போக வழியில்லாமல் திரும்பி, அந்தத் தெரு வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அடுப்பு வரைக்கும் சேறு. ஒரு வாரத்தில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. தெருக்காரர்கள் திரண்டு வந்து, "கடைங்கள எடுத்துடுங்க சேர்மன் ஐயா" என்றார்கள்.

இவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை வாங்க, பேசலாம்" என்றார்.

மறுநாளே கடைக்காரர்கள் வந்தார்கள். கடையை இடிக்கப் போகிறார்களாமே என்று அவர்களுக்குப் பதற்றம். இவர் அவர்களிடமும், "திங்கக்கிழமை வாங்க, பேசலாம்" என்றார்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன். "என்னாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே நாளா சொல்லியிருக்கீங்க?"

"வாய்தான்னா ரெண்டு தரப்பும்தானே வரணும்" என்றார், பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டே.

"கோர்ட்டுல நடுவுல ஜட்ஜு இருப்பாரு. இங்க நடுவுல யாரு, நானா?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்ன நாளை மாற்றி ஆள் அனுப்ப கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே வத்தல்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. இன்னொரு மழை அன்றைக்கே இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முதலில் கடைக்காரர்கள் வந்து எங்கள் வாசல் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பள்ளத்துத் தெருவே எழுந்து வந்து அந்தப் பக்கம் நின்றது. அவர்களுக்கு முன்னால் நின்றவள் சந்தையில் வெற்றிலை விற்கிற பெண். இடுப்பில் பேத்தி. குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"ஓ, கச்சேரி வெச்சிருக்காரா சேர்மனு? எல்லாரையும் வரச் சொல்லியிருக்காரே! தாம்பூலம் நானே கொண்டாந்திருப்பனே" என்றாள் அவள்.

டீக்கடைக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "பள்ளத்துல வூடு கட்டிட்டு மேட்டுல இருக்கறவன வையறதுக்கு வந்துட்டாங்க" என்றார்.

"நீ கழுவி ஊத்தற டீத்தண்ணியத்தான்யா எம் பேத்தி மிதிச்சு நடக்குது! வா, வந்து எங்க வூட்டுல ஒரு ராத்திரி படு. பாய் நான் போடறேன்."

சிரிப்பு எழுந்தது. உடனே அடங்கியும் விட்டது. அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் குனிந்து கல்லை எடுத்தார். இந்தப் பக்கம் செருப்புக் கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் படியில் நின்றிருந்தேன். இவர் இன்னும் உள்ளேயே இருந்தார்.

போய்ப் பார்த்தால், கறுப்புக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போடுவதா வேண்டாமா என்று தெரியாத முகம். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் வாங்குன ஸ்டே. அத நானே மீறச் சொன்னா கோர்ட்டு அவமதிப்பு. மீறலேன்னா இன்னிக்கே அந்தத் தெரு முழுகும்" என்றார்.

"வெளியில கல்லு எடுத்துட்டாங்க. எதுவா இருந்தாலும் அங்க வந்து சொல்லுங்க" என்று கோட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினேன்.

வந்தார். வந்ததும் கடைக்காரர்களைப் பார்த்துக் கோபமாகவே ஆரம்பித்தார். "ஏன் பாய், கல்லுக்கு அடியில சேறு அடைச்சுக் கெடக்குது. இத்தன வருஷமா ஒரு தடவையாவது கல்லைத் தூக்கி வாரி எடுத்திருக்க மாட்டீங்களா?"

தையல் கடை பாய் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "வக்கீலய்யா, ஸ்டே வாங்கிக் குடுத்த அன்னிக்கி எங்கள உக்கார வெச்சு என்னா சொன்னீங்க? இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும், ஒரு கல்லக்கூட அசைக்கக் கூடாதுன்னீங்க. அசைச்சா ஸ்டே போயிரும்னு நெனச்சோம். எம் பொண்ணோட கொலுசு கல்லு சந்துல உழுந்துருச்சு. அதுக்குக்கூட நான் கல்லத் தூக்கலீங்க."

வெற்றிலைக்காரி பேத்தியை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "அடப் பாவிங்களா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மறுபடி மாட்டினார். கோர்ட் சொன்னது கடையைப் பற்றி. கல்லைப் பற்றிச் சொன்னவர் இவர். கட்சிக்காரர்கள் எதையாவது செய்து வழக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்று எல்லோரிடமும் சொல்கிற பேச்சு அது. அவர்கள் அதைக் கோர்ட் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு, நாற்றத்தின் மேல் உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள்.

"நகராட்சி ஆளு கல்லத் தொட்டா தப்பு. நீங்களே தூக்குனா தப்பில்ல. இப்பவே தூக்கணும். வாரிப் போட நகராட்சி வண்டி வரும்" என்றார். "இன்னொண்ணு. இனிமே நான் உங்க வக்கீல் இல்ல. கடைங்க அங்க இருக்கக் கூடாதுன்னு நகராட்சி கோர்ட்டுல சொல்லும். சொல்றவன் நான்தான். நீங்க வேற வக்கீல் வெச்சுக்குங்க."

"யாருங்க எங்களுக்கு?"

கோர்ட்டில் இவருக்கு ஆகாத வக்கீல் ஒருவரைச் சொன்னார். "அவன் என்னெ உண்டு இல்லன்னு ஆக்கிருவான். அவனையே வைங்க."

டீக்கடைக்காரர், "ஓட்டுக் கேட்ட வாயில மண்ணு" என்று துப்பிவிட்டுப் போனார். அவர் கல்லைத் தூக்கவில்லை. பாய் கடைப் பக்கம் நடந்தார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள். பள்ளத்துத் தெரு ஆண்களும் கடப்பாரையோடு பின்னாலேயே போனார்கள். மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டியபோது, டீக்கடைக்கு அடியில் மட்டும் தேங்கி, மற்றபடி தண்ணீர் போய்விட்டது. தெருவின் கோடியில் இரண்டு வீடுகளில் புகுந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் இவர் சாயங்காலமே போய் நின்றார்.

பாய் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் ரவிக்கைகளுக்கு நான் வேறு ஆளைத் தேடிக்கொண்டேன்.

வழக்கு இழுத்தது. கடைசியில் விசாரணைக்கு வந்தபோது, கடைக்காரர்கள் வேண்டுமென்றே சாக்கடையை அடைத்தார்கள் என்று நகராட்சி வக்கீல் வாதம் வைத்திருந்தார். சேர்மன் என்பதால் இவர் நகராட்சி தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கோர்ட்டுக்குள் போனேன். டவாலி, முன்னே பின்னே மரியாதைச் சொல் எதுவும் இல்லாமல் இவர் பெயரை மொட்டையாகக் கூவினார். எனக்கு உடம்பு கூசியது. இவர் நிமிர்ந்துதான் ஏறினார்.

கடைக்காரர்களின் வக்கீல் அந்த ஆகாதவர்தான். எழுந்து, கல்லை அசைக்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்குச் சொன்னது யார் என்று கேட்டார். நகராட்சி வக்கீல் தலையைத் தூக்கி இவரையே பார்த்தார். ஒத்துக்கொண்டால் நகராட்சி வைத்த வாதம் விழுந்துவிடும். ஞாபகம் இல்லை என்று சொன்னால், முன்னாலேயே கூண்டில் ஏறி அதைச் சொல்லியிருந்த பாய் பொய்யராவார். பாய் பெஞ்சின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். இந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி எங்கள் வீட்டிலேயே யாரும் பார்த்ததில்லை.

"நான்தானுங்க" என்றார்.

பாய் தலையை நிமிர்த்தினார்.