தேசி மரத்தடிச் சேறு

சேற்றில் கிடக்கும் ஈயத்தைத் தண்ணீரில் இறங்காமல் பிடித்து வைப்பதுதான் என் ஆராய்ச்சி. பனங்கொட்டை ஓட்டைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கிச் சேற்றோடு கலந்தால், ஈயம் கரியில் ஒட்டிக்கொள்ளும். கிளிநொச்சியில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குவளைக்குள், அது சொன்ன பேச்சுக் கேட்கும். எனக்கு அது முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக் கிணற்றில் கேட்க வேண்டும். இதை ஆராய்ச்சிக்கான காரணமாக எங்கேயும் எழுத முடியாது.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது யாரோ அந்தக் கிணற்றுக்குள் பழைய வாகனப் பற்றரிகளைக் கொட்டிவிட்டார்கள். திரும்பி வந்து அவற்றை எடுத்தோம். ஈயம் அடிச்சேற்றில் தங்கிவிட்டது. குடிக்கக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னதும் நான்தான். அன்றிலிருந்து பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான்.

அம்மா திரும்பி வரவில்லை. முகாமில் கடைசி நாட்களில் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு மிடறோடு வைத்துவிடுவார். "எங்கட கிணத்துத் தண்ணி எண்டா குடிப்பன்," என்பார். அதனால் அப்பாவுக்கு ஒரே ஆசை. அம்மாவின் திவசத்துக்குப் படைக்கும் செம்பில் அந்தத் தண்ணீர் இருக்க வேண்டும். எனக்கும் அதே ஆசைதான். அவரைப் போல அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

சென்ற ஆண்டு மாரிக்கு முன், கிணற்றுச் சேற்றில் கரி கலக்க என்னோடு வேலை செய்பவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கிணறு பளிச்சென்றிருந்தது. முதல் நாளே அப்பா அயலவர்களைப் பிடித்து, தண்ணீரை இறைத்து, அடிச்சேறு முழுவதையும் வழித்தெடுத்திருந்தார்.

"ஏன் அப்பா?"

"கம்பஸ் ஆக்கள் வருகினம். கிணறு ஊத்தையாக் கிடந்தா என்ன கதைப்பினம்?"

"சேறு எங்க?"

எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார். கிணற்றுச் சேறு மரங்களுக்கு நல்ல பசளை அல்லவா? எலுமிச்சை ஊறுகாய்க்கென்று அம்மா நட்ட தேசி மரத்தடியில் போட்டிருந்தார். மரம் நிற்பது கிணற்றுக் கட்டை ஒட்டி. ஒரு மழை போதும், எல்லாம் திரும்பக் கிணற்றுக்குள் போய்விடும். எனக்கு வந்த கோபத்தில் வந்தவர்களுக்குத் தேநீர் கூடக் கொடுக்காமல் மண்வெட்டியைக் கொடுத்தேன். சேற்றை வளவின் மூலையில் தறப்பாள் விரித்த குழியில் கொட்டிக் கரி கலந்தோம். மரத்தடி மண்ணிலும் கலந்தோம். அப்பா கரி மூட்டைகளை அவிழ்த்துத் தந்தார்.

அன்று எடுத்த தண்ணீரில் ஈயம் இல்லையென்றே சொல்லலாம். இறைத்த கிணற்றில் புதிதாக ஊறிய தண்ணீர் அப்படித்தான் காட்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த முடிவை நம்பிவிட மனம் கிடந்து துடித்தது. மாரி முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாரி முடிந்தது. சேறு எடுக்கும் முன் இருந்ததைவிட ஈயம் குறைந்திருந்தது. ஆனால் குடிக்கும் அளவுக்குக் குறையவில்லை. திவசத்துக்கு நான் போனபோது, அம்மாவின் படத்துக்கு முன்னால் அப்பா செம்பை வைத்துக்கொண்டிருந்தார். வெளியே கிணற்று வாளி ஈரமாக இருந்தது.

"இது அவாவுக்கு மட்டும்," என்றார். "எங்களுக்குப் பவுசர் தண்ணி எடுத்து வச்சிருக்கிறன். பயப்பிடாத."

செத்துப்போனவரை ஈயம் என்ன செய்யும்? பேசாமல் இருந்திருக்கலாம்.

"அவாவுக்கும் வேண்டாம் அப்பா," என்றேன்.

அப்பா செம்பை எடுத்துப் போய் வெளியே ஊற்றிவிட்டு, பவுசர் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தார்.

"மகள் இன்னும் கிணத்தை விடேல்லையாம்," என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். "இந்த முறையும் ஒரு மிடறு குடியும், என்ன?"