மதுரை: 325

1996ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காற்று அடியோடு நின்றிருந்தது. கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த ஒரு வெடிப்பில் என் கை முழங்கை வரைக்கும் போகும்; அன்று காலையில்தான் விட்டுப் பார்த்திருந்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் தாய்மாமா முற்றத்தின் நடுவில், உள்ளங்கையில் ஒரு திசைகாட்டியை வைத்துக் குனிந்து பார்த்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்து, இந்தப் பள்ளிவாசல் மக்காவைப் பார்த்து நிற்கவில்லை, கிப்லா தப்பாக இருக்கிறது என்றார்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் சாலையிலிருந்து பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. முஸ்லிம் வீடுகள் பதினொன்று. அத்தா மிளகாய் வத்தலுக்குச் சாக்கு விற்கும் கடை வைத்திருந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இறந்து நூற்றுப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

அம்மாவின் கபரை மூடியபோது வழக்கப்படி ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். அறுபத்தெட்டுப் பேர், இருநூற்று நான்கு பிடி. அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எண்ணாமல் இருந்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். அம்மாவுக்கு ஒரே தம்பியான மாமா அந்த அறுபத்தெட்டில் இல்லை. அவர் சவுதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். செய்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. விடுப்பு கிடைத்து வந்து சேர மே மாதம் ஆகிவிட்டது.

அவர் கொண்டுவந்த சாமான்களில் கிப்லா பார்க்கும் திசைகாட்டி ஒன்றும், அதோடு சேர்ந்த சின்னப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தில் ஊர் ஊராக எண் போட்டிருந்தது. வட்டத்தில் அந்த எண் இருக்கும் பக்கம் பார்த்துத் தொழவேண்டும். திசைகாட்டி பெட்டிக்குள்ளேயே உடைந்து முள் கழன்றுவிட்டதால், அதை எனக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளியில் என்.சி.சி.யில் இருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் வேறொரு திசைகாட்டி இரவல் வாங்கினார். புத்தகத்தில் எங்களுக்கு அருகில் இருந்த ஊர் மதுரை. மதுரைக்கு எதிரே 325 என்று இருந்தது. எங்கள் பள்ளிவாசல் பார்த்த திசையோ இரவல் திசைகாட்டியில் 292க்கும் 293க்கும் நடுவில் இருந்தது.

பாங்கு சொல்லும் வயதான மோதினார் மட்டும் மறுத்தார். ஆனி பிறந்த வாரத்தில் சூரியன் அடையும் இடத்தைக் குறித்து வைத்துக் கட்டிய பள்ளிவாசல் இது என்றார். “சவுதில இருந்து வந்தா சூரியன் கூடவா தப்பா அடையும்?” என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. அத்தாவின் பக்கம் திரும்பினார்.

“பள்ளிவாச கெடக்கட்டும் மச்சான். அக்காவையும் இந்தக் கணக்குலதான வச்சிருக்கிய. முப்பத்திரெண்டர டிகிரி. அவ மொகம் கிப்லாவுக்கு இல்லயே.”

சிரிப்பு நின்றுவிட்டது. இறந்தவரை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்கும்படி வைப்பது எங்கள் முறை. பள்ளிவாசல் பார்த்த திசையை ஒட்டித்தான் மையவாடியில் நாற்பத்தேழு கபர்களும் இருந்தன. நாற்பத்தேழாவது அம்மாவுடையது.

தொழவைக்கும் ஹஜ்ரத் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். நல்லெண்ணத்தோடு வைத்தது போதும், மூடிய கபரைத் தோண்டக் கூடாது என்றார். மாமா கேட்கவில்லை. வெளியூர் போய் மார்க்கம் படித்த பெரிய ஆலிமிடம் கேட்டுவந்து திங்கட்கிழமை ஆள் கூப்பிடப்போவதாகச் சொன்னார். “ஒரு தடவ தொறந்து மொகத்தத் திருப்பி வச்சாப் போதும். யாரும் எறங்க வேண்டாம், நானே எறங்கிச் செய்யுதேன்.”

அத்தா, திங்கட்கிழமை வரைக்கும் பொறுப்போம் என்றார். கூடாது என்று சொல்லிவிடுவார் என நான் எதிர்பார்த்திருந்தேன்.

எனக்கு இரண்டு பயம். அம்மா தப்பான பக்கம் பார்த்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறாள் என்பது ஒன்று. அவளைத் திறந்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. எது பெரியது என்று தீர்மானிக்க முடியாமல் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தேன்.

சனிக்கிழமை நண்பகலில் பாகைமானியை எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போனேன். உடைமுள் வேலியைத் தாண்டினால் வாசலிலிருந்து அம்மாவிடம் ஐம்பத்தொரு எட்டு. கபரின் குறுக்கே சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கோடையில் கரிசல் வெடிப்பது எனக்குத் தெரியாததா? அந்த வெடிப்பை முன்பே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அது கபரின் ஓரத்தோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்தேன். முப்பத்தொன்று வந்தது. மறுபடி வைத்துப் பார்த்தேன். முப்பத்து மூன்று.

மாமா சொன்னது முப்பத்திரண்டரை.

அம்மாவுக்கே தெரிந்துவிட்டது, உள்ளே இருந்து தானாகத் திரும்பப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். பாகைமானியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ஐம்பத்தொரு எட்டை அன்று எத்தனையில் கடந்தேன் என்பது மட்டும் தெரியாது. என் வாழ்நாளில் எண்ணாமல் விட்ட ஓட்டம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பயத்துக்கு ஏதாவது எண்ண வேண்டியிருந்தது. கால்சட்டைப் பையில் கிடந்த உடைந்த திசைகாட்டியை எடுத்து, வட்டத்தில் இருந்த பெரிய கோடுகளை எண்ணினேன். நாற்பது. பள்ளியில் படித்தபடி முப்பத்தாறு வரவேண்டும். பத்துப் பத்துப் பாகையாக அரைவட்டத்துக்குப் பதினெட்டு, முழுவட்டத்துக்கு முப்பத்தாறு. ஏழு முறை எண்ணினேன். ஏழு முறையும் நாற்பதுதான். பிறகுதான் எழுத்துகளைக் கவனித்தேன். கிழக்கு 90இல் இல்லை, 100இல் இருந்தது. மேற்கு 270இல் இல்லை, 300இல் இருந்தது.

அந்தத் திசைகாட்டியைச் செய்தவர்கள் வட்டத்தை நானூறாகப் பிரித்திருந்தார்கள். நாம் முந்நூற்று அறுபதாகப் பிரிக்கிறோம். அவர்களுடைய பத்து, நம்முடைய ஒன்பது. சிலேட்டில் 325ஐ ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தேன். இருநூற்றுத் தொண்ணூற்று இரண்டரை. மோதினாரின் சூரியன் சரியாகத்தான் அடைந்திருந்தது.

சிலேட்டையும் உடைந்த திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, மறுநாள் தோண்டலாமா கூடாதா என்று எல்லோரும் முற்றத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா புத்தகத்தைப் பிரித்து யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். நான் நடுவில் புகுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன்.

மாமா வட்டத்தை வாங்கி, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணினார். நாற்பதில் நகம் நின்றது. மேலும் எங்கேயாவது போக இடம் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி அங்கேயே இருந்தது.

“சவுதிக் கணக்க ஒம்ம மருமவன் ஒரு சிலேட்டுல அழிச்சுட்டானே” என்று மோதினார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஹஜ்ரத் என் தலையைத் தடவினார். எனக்கு இரண்டு பயமும் ஒரே நேரத்தில் போய்விட்டன.

அத்தா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, “எங்கிட்ட மட்டும் சொல்லிருக்கலாம்ல. நான் மாமாட்ட தனியாச் சொல்லிருப்பேன்லா” என்றார். கணக்கில் சிறு பிழை ஏதும் இருக்குமோ என்று பயந்து, சிலேட்டை மறுபடி சரிபார்த்தேன். பிழை இல்லை.

திங்கட்கிழமை காலை பாகைமானியை எடுக்கப் போனேன். மாமா அம்மாவின் கபருக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் கட்டியாய்க் கிடந்த கரிசலை உடைத்து, பொடியை அள்ளி அந்த வெடிப்பில் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு கையைத் தட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வெடிப்பு மூடவே இல்லை. நான் அருகில் போய், அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று சொன்னேன்: “இது ரொம்ப ஆழம் மாமா. மூணு பிடி காணாது. நாப்பது பிடியாவது வேணும். மழ பேஞ்சா தானா மூடிரும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரி மருமவனே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றோடு ஏன் நிறுத்தினார் என்று கேட்கத் தோன்றவில்லை. அம்மாவை அடக்கியபோது நானும் மூன்று பிடிதான் போட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கும் வரவில்லை. எண்ணியவன் நான்தான்.

விடுப்பு இன்னும் பத்தொன்பது நாள் மிச்சம் இருக்கும்போதே, மாமா அன்று பகல் பேருந்தில் தன் சொந்த ஊரான குளத்தூருக்குப் போய், அங்கிருந்தே சவுதிக்குத் திரும்பிவிட்டார். கோபம் என்றார்கள். நானும் அப்படித்தான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, மவுத்தாகும் வரைக்கும், அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு முறை. இரண்டையும் கூட்டினால் ஒரு மணி ஐந்து நிமிடம்.